சைரன் அடிக்காத முகம்

காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் எங்கள் வீட்டுக் கேற்றடியில் விலங்கு ஒன்று நிற்கிறது என்று நோர்வேஜிய மொழியில் ஒரு பெண்குரல் அறிவிக்கும். வரவேற்பறை அலமாரியில், சிரட்டையைக் கவிழ்த்து வைத்ததுபோல இருக்கும் ஒலிபெருக்கியிலிருந்து வரும் குரல் அது. வாய் நிறைய நுரையோடு போய்க் கைபேசியைப் பார்ப்பேன். அனேகமாக ஆடுதான். பக்கத்து வீட்டுப் பூமணியின் ஆடுகள் ஐந்து. நான்கு மட்டும் கேற்றடிக் கமராவுக்குள் வந்து போனால் எனக்குத் தேநீர் இறங்காது. ஐந்தாவது எங்கே? கிணற்றில் விழுந்துவிட்டதோ, வீதியில் வாகனம் அடித்துவிட்டதோ? யன்னலுக்கு வெளியே நோர்வேயின் பேர்கன் நகரத்து மழை பெய்துகொண்டிருக்கும். குடையோடு நடந்துபோகும் அயலவர்களில் ஒருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. மானிப்பாய் ஆடுகளை நெற்றிப்பொட்டு வரைக்கும் தெரியும். ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் சிரிக்கக்கூடும். என்னைப்போலக் குளிர்நாட்டில் இருப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள். உங்கள் கைபேசிக்குள்ளும் அனேகமாக ஒரு கேற் இருக்கும்.

எண்ணுவது என் குணம் மட்டுமல்ல, தொழிலும்கூட. வடநோர்வேயில் ஒரு மீன் தொழிற்சாலையின் களஞ்சியத்தில் பெட்டிகளை எண்ணியே ஓய்வூதியம் வரை வந்தவன் நான். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் வரை படித்த கணிதம் அந்தப் பெட்டிகளுக்குத்தான் பயன்பட்டது. இப்போது எண்ணுவதற்கு மீன் இல்லை என்பதால் வீட்டை எண்ணுகிறேன். யன்னல்கள், தென்னைகள், உடைந்த ஓடுகள். வீடு என்று நான் சொல்வது மானிப்பாய் வீட்டைத்தான். அதுவும் என்னுடையது அல்ல. என் மனைவி புனிதத்துக்குச் சீதனமாக வந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். மருமகனுக்கு அதன் கவலை மட்டும் போகும்.

அந்தக் கவலை போன வருடம் பெருத்தது. கிணற்று மோட்டரை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பூமணிதான் தொலைபேசியில் சொன்னாள். அவள் புனிதத்துக்குத் தங்கை முறை. "அத்தான், மோட்டர் போட்டுது. நல்ல காலம், கிணத்தை விட்டிட்டுப் போயிருக்கிறாங்கள்." எங்கள் மகன் கபிலன் அன்று வீட்டுக்கு வந்திருந்தான். கேற்றுக்கு நல்ல பூட்டாக வாங்கிப் போடச் சொன்னான்.

"பூட்டு வேண்டாம்," என்றாள் புனிதம்.

"ஏனம்மா, கள்ளருக்குக் கஷ்டமா இருக்கும் எண்டோ?"

"பூட்டினால் மாமா என்னெண்டு உள்ளுக்கு வாறது?"

கபிலன் என்னைப் பார்த்தான். நான் மழையைப் பார்த்தேன்.

மாமா என்று அவள் சொன்னது தன் ஒரே தம்பி யோகனை. போர்க்கால இடப்பெயர்வு முடிந்து சனங்கள் எங்கள் வலிகாமப் பகுதிக்குத் திரும்பிய, வீதிக்கு வீதி இராணுவம் மறித்துச் சோதித்த காலம் அது. நாங்கள் ஏற்கெனவே நோர்வேயில் இருந்தோம். பாண் வாங்கிக்கொண்டு வாறன் என்று தாயிடம் சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனவன் திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. தேடாத இடமில்லை, பதியாத இடமில்லை. மரணச் சான்றிதழ் எடுக்கலாம் என்று பிறகு பலர் சொன்னார்கள். தாய் ஒப்பவில்லை, மகளும் ஒப்பவில்லை. அந்தத் தாய், என் மாமி, சாகும்வரை கேற்றைப் பூட்டியதில்லை. சாத்தி மட்டும் வைப்பார். அவன் இரண்டு கையிலும் சாமானோடு வருவான், சைக்கிளின் முன்சில்லாலேதான் தள்ளித் திறப்பான், இறங்கிக் கேற்றைத் திறக்கிற பொறுமை அவனுக்கு எங்கே இருக்கிறது என்பார். மாமி போன பிறகு வீட்டோடு சேர்த்து அந்தச் சாத்திய கேற்றும் புனிதத்திடம் வந்தது. பேர்கனில் எங்கள் தொடர்மாடிக் கதவு தானாகவே பூட்டிக்கொள்ளும். குப்பை போடப் போனவர்கூடச் சாவியை மறந்தால் வெளியில் நிற்கவேண்டியதுதான். அந்தக் கதவுக்குள் இருந்துகொண்டு இவள் இத்தனை வருடமாக அங்கே ஒரு கேற்றைத் திறந்து வைத்திருந்தாள்.

ஆகவே பூட்டுக்குப் பதிலாகக் கமரா என்று கபிலன் முடிவுசெய்தான். கோடை விடுமுறையில் நானும் புனிதமும் பெட்டியைச் சுமந்துகொண்டு ஊருக்குப் போனோம். கமரா ஒன்று, சைரன் ஒன்று, கேற் லைற்றுக்கான குமிழ் ஒன்று, மூன்றையும் இணைக்கும் சிறுபெட்டி ஒன்று. தயா என்ற மின்வேலைக்காரர் ஏணியில் ஏறித் தூணில் கமராவைப் பொருத்தினார். கபிலன் பேர்கனில் இருந்தபடி வீடியோ அழைப்பில் கட்டளையிட்டான். தெரியாத முகம் உள்ளே வந்தால் சைரன் அடிக்கும். தெரிந்த முகம் வந்தால் கேற் லைற் பத்தி எரியும். பேர்கன் வீட்டு ஒலிபெருக்கி வந்தவரின் பெயரைச் சொல்லும்.

"அப்ப ஆரார் முகத்தை ஏத்திறது? அப்பா, அம்மா, பூமணி அன்ரி. மூண்டு," என்றான்.

"நாலு," என்றாள் புனிதம்.

"நாலாவது ஆர்?"

"மாமா."

தயாவுக்கு விஷயம் தெரியாது. "ஆளைக் கூப்பிடுங்கோ அக்கா, கமராவுக்கு முன்னாலை ஒருக்கா நிண்டாச் சரி," என்றார் ஏணியிலிருந்து. பூமணி ஆட்டைத் துரத்துகிறவள்போல அப்பால் போனாள். அங்கே ஆடு எதுவும் நிற்கவில்லை.

"அம்மா, மாமா வந்தால் நான் இஞ்சையிருந்து சைரனை நிப்பாட்டிவிடுறன்."

"நீ வேலையிலை நிப்பாய். அதுக்குள்ளை அவன் ஓடியிடுவான். சத்தம் கேட்டால் ஓடு எண்டுதானே அவனுக்குத் தெரியும்."

என் மகன் பிறந்த நாட்டில் சைரன் ஒலித்தால் மனிதர்கள் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டுக் கோப்பியைக் குடிப்பார்கள். அங்கே அது பரிசோதனைச் சத்தம்.

யோகனின் முகம் நேராக விழுந்த படம் ஒன்றுதான் எங்களிடம் உண்டு. அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிஞ்சிய பிரதி. கமராவின் செயலி அதை ஏற்க மறுத்தது. பேர்கனுக்குத் திரும்பியதும் விற்ற கடையின் உதவி எண்ணுக்கு அழைத்தேன். மிகவும் அன்பான ஓர் இளம்பெண் பேசினாள். இவர் அந்த வீட்டில் வசிப்பவரா என்று கேட்டாள். வசித்தவர், வர இருக்கிறார் என்றேன். எப்போது வருகிறார்? அது தெரியாது. "ஓ, சொல்லாமல் வரும் விருந்தாளி! எவ்வளவு சந்தோஷம்," என்றாள். "அவர் வந்ததும் கமராவுக்கு முன்னால் நின்று முகத்தை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். பழைய படத்தைவிட அதுதான் நல்லது." நன்றி சொல்லி வைத்தேன். பக்கத்தில் நின்ற புனிதம், "என்னவாம்?" என்றாள். "வந்த உடனை செய்யலாமாம்," என்றேன்.

கடைசியில் கபிலனே படத்தைப் பெருப்பித்து, கறைகளை அழித்து, எப்படியோ ஏற்றிக் கொடுத்தான். செயலியில் நால்வர் ஆனோம். படத்தில் இருந்த பெடியனைவிட என் மகனுக்கு இப்போது வயது கூட. எல்லோருடைய முகத்தையும் ஏற்றியவன் தன் முகத்தை ஏற்ற மறந்திருந்தான். எண்ணிக்கொண்டே திரியும் எனக்கும் அது தோன்றவில்லை.

தை மாதம், நண்பன் ஒருவனின் கல்யாணத்துக்குக் கபிலன் தனியே ஊருக்குப் போனான். கொழும்பிலிருந்து ரயிலில் வந்து மதியத்துக்குப் பின் வீட்டில் இறங்குவேன், சைரனை நிறுத்திவிட்டுத்தான் கேற்றைத் திறப்பேன் என்று சொல்லியிருந்தான். பேர்கனில் அப்போது காலை. ஆனால் குளிர்காலத்து இருட்டு இன்னும் கலையவில்லை. நாங்கள் பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தோம்.

"யோகன் ஆர் கொம்மெத் யெம்," என்றது ஒலிபெருக்கி. யோகன் வீட்டுக்கு வந்துவிட்டார்.

புனிதம் கத்தியை மெதுவாகப் பாணுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதை மட்டும்தான் செய்தாள். நான் கைபேசியைத் திறந்தேன். முதுகில் பையோடு கபிலன் கமராவை நிமிர்ந்து பார்த்துக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். பயணக் களையில் சைரனை மறந்தே போயிருந்தான். பெடியன் மாமனை உரிச்சு வைச்சிருக்கிறான் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். தாயைச் சந்தோஷப்படுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். இயந்திரத்துக்கு யாரையும் சந்தோஷப்படுத்தும் தேவை இல்லை. சைரன் அடிக்கவில்லை. நல்ல வெயிலில் கேற் லைற் பத்தி நின்றது.

திரையின் அடியில் ஒரு கேள்வி வந்தது. இவர் யோகன்தானா? ஆம் என்று ஒரு பொத்தான், இல்லை என்று ஒரு பொத்தான். பிழையான கணக்கை விட்டுவைக்க என்னால் முடியாது. விரலைக் கொண்டுபோனபோது புனிதம் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அமத்தாதேங்கோ."

"புனிதம், உது கபிலன்."

"எனக்குத் தெரியாதே? நான் பெத்தனான். அமத்தாதேங்கோ எண்டுதான் சொல்லுறன்."

கேள்வி பதிலில்லாமல் நின்றது. சற்று நேரத்தில் அதே குரல் மறுபடியும் பேசியது. யோகன் வீட்டை விட்டுப் புறப்பட்டார். திரையில் எங்கள் மகன் பூமணி வீட்டுச் சைக்கிளில் கேற்றைத் தாண்டிப் போனான். நான் பார்க்கும்போது முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு வெறும் வீதி. அவனுடைய கைபேசிக்கு அழைத்தேன். வீட்டு வைஃபையை விட்டால் அது அங்கே வேலை செய்யாது. மறுபடி அழைத்தேன். பிறகு பூமணிக்கு அழைத்தேன்.

"எங்கை போறான் உவன்?"

"பாண் வாங்கப் போட்டான் அத்தான். நான் புட்டு அவிக்கிறன் எண்டு சொன்னன். துரைக்குப் பாண்தான் வேணுமாம். நோர்வேக்காரனெல்லே!" அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் நின்றது. "கடை கிட்டத்தானே அத்தான்," என்றாள் பிறகு, மிகவும் தணிந்த குரலில்.

மீன் பெட்டி முதல் ஆடு வரை எண்ணுகிற நான், அந்த நேரத்தை மட்டும் எண்ணவில்லை. மணிக்கூட்டுப் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. இப்போது அந்த வீதியில் யாரும் யாரையும் மறிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். புனிதத்துக்கும் தெரியும். தெரிந்துகொண்டே அவள் அலமாரிக்கு முன்னால், கோயில் மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்பதுபோல நின்றாள். குரல் ஒருமுறை வந்தது. விலங்கு. நான் ஆட்டை எண்ணவில்லை. மாமி இப்படித்தான் நின்றிருப்பார் என்று அப்போதுதான் நினைத்தேன். அவருக்கு ஓர் ஆட்டைக்கூட அறிவிக்க யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

கேற் அசைந்தது. முதலில் உள்ளே வந்தது ஒரு சில்லு. சைக்கிளின் முன்சில்லு கேற்றை முட்டித் தள்ளியது. அதற்குப் பின்னால், ஒரு கையில் பாணும் மறுகையில் வாழைப்பழச் சீப்புமாக, கைப்பிடியை முழங்கையால் பிடித்துக்கொண்டு எங்கள் பிள்ளை வந்தான். கை நிறையச் சாமான் இருந்தால் யாரும் அப்படித்தான் திறப்பார்கள். அதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. கமராவுக்கு முகம்தான் தெரியும். சில்லை அது கணக்கில் எடுக்காது. நாங்கள் இருவரும் பார்த்தோம்.

யோகன் வீட்டுக்கு வந்துவிட்டார் என்றது குரல். புனிதம் அலமாரியில் நெற்றியை வைத்து அழுதாள். தாய் கேட்காமலே போன வசனம் அது. மகளுக்கு, தாய் அறியாத ஒரு மொழியில் கேட்டது.

பிறகு கபிலன் அழைத்தான். "என்னப்பா, இத்தனை மிஸ்ட் கோல்?"

"ஒண்டுமில்லை. பாண் நல்லதோ?"

"திறம். பூமணி அன்ரி சம்பல் இடிச்சுத் தந்தவா. ஆனால் ஏனோ என்னைக் கட்டிப் பிடிச்சு அழுகிறா."

பேர்கனுக்குத் திரும்பியதும் நடந்ததை அறிந்து, ஒரு நிமிட வேலை, மாற்றிவிடுகிறேன் என்றான். புனிதம் கைபேசியைக் கொடுக்கவில்லை. "அப்ப நான் ஆர் அம்மா? சொந்த வீட்டிலையே நான் கணக்கிலை இல்லை, தெரியுமே?" என்றான் சிரித்துக்கொண்டு. "நீ கபிலன். உந்தச் சாமானை மட்டும் ஒண்டும் செய்யாதை," என்றாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டு, எங்கள் பேர்கன் கதவுக்கும் ஒரு கமரா பொருத்தி, இரண்டு வீடுகளையும் செயலியில் ஒரே வீடாகச் சேர்த்துவிட்டான். தெரிந்த முகம் எந்த வாசலில் வந்தாலும் மானிப்பாய்க் கேற் லைற் பத்தும் என்பதை அவன் யோசித்திருக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பாட்டுக்கு வந்தான். கதவடியில் சப்பாத்தைக் கழற்றும்போதே குரல் யோகன் வந்ததைச் சொல்லிவிட்டது. இங்கே மத்தியானம், அங்கே பொழுதுபடுகிற மம்மல் நேரம். இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டிருக்கையில் பூமணி அழைத்தாள்.

"அத்தான், உங்கடை கேற் லைற் பத்துது. ஆரும் நிக்கினமோ எண்டு போய்ப் பாத்தன், ஒரு குஞ்சு குருமனும் இல்லை. வீட்டைப் பேய் வீடாக்கிப் போட்டியள்."

புனிதம் கைபேசியை என்னிடமிருந்து வாங்கினாள். "அது இஞ்சை அவன் வந்ததுக்குப் பத்துது பூமணி."

பூமணி வழமையாகக் கேட்காத ஒன்றைக் கேட்டாள். "அப்ப, இண்டைக்கும் கேற்றைச் சாத்தி மட்டும் விடட்டோ அக்கா?"

புனிதம் கபிலனைப் பார்த்தாள். அவன் குனிந்து இடியப்பத்தைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"பூட்டு," என்றாள். "அவன் இஞ்சை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான்."

கபிலனின் கை சாப்பாட்டுக் கோப்பையில் நின்றது. நிமிர்ந்து தாயைப் பார்த்தான். கோப்பையை அவள் பக்கம் நீட்டினான். அவள் இன்னும் கொஞ்சம் சொதி ஊற்றினாள்.

கைபேசித் திரையில் பூமணி சங்கிலியும் பூட்டுமாக வந்தாள். லைற் வெளிச்சத்தில் நின்று, வீதியை இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பூட்டினாள். அவள் போன பிறகும் லைற் ஆளில்லாத கேற்றடியில் கொஞ்ச நேரம் நின்று எரிந்தது. வீட்டில் மூவர் இருக்கிறார்கள் என்று செயலி காட்டியது; மூன்றாவது பெயர் யோகன். நான் மேசையை எண்ணினேன். மூவர்தான். கணக்குச் சரி. சரிபார்க்க மறுபடி எண்ணினேன். ஒன்று நான், இரண்டு புனிதம். மூன்றாவதற்கு வரும்போது, மேசையைப் பார்ப்பதா கேற்றைப் பார்ப்பதா என்று தெரியாமல் என் விரல் நடுவில் நின்றுவிட்டது.