முழந்தாள் போடும் வரி

கடவுளுக்கு நன்றி சொல்ல எங்களிடம் அப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேற்றி அனுப்பப்பட்டு, குன்னூருக்குக் கீழே ஓர் எஸ்டேட்டில் வந்து விழுந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இந்த ஊர்க் குளிர் அம்மாவின் நெஞ்சில் இறங்கிவிட்டது. இருமிக்கொண்டே கொழுந்து பறிக்கப் போவாள். ஆனாலும் அப்பாவிடம் ஒரு நன்றிப் பாட்டு இருந்தது, அதுவும் லத்தீனில்.

அங்கே தோட்டத்து மாதா கோயிலில் ஒரு வெள்ளைக்காரச் சாமியார் சொல்லிக்கொடுத்தது. வாத்தியம் கிடையாது, தாளமும் கிடையாது, வெறும் குரல்தான். ஒரு வார்த்தைக்கும் அப்பாவுக்கு அர்த்தம் தெரியாது. ஒரு குறிப்பிட்ட வரி வந்ததும் எல்லாரும் முழந்தாள் போட வேண்டும் என்பது மட்டும் தெரியும்.

இங்கே பூசையெல்லாம் அதற்குள் தமிழுக்கு மாறியிருந்தது. கோயிலுக்கு ஐம்பது வருஷம் நிறைந்தபோது வயதான பங்குச்சாமியாருக்கு அந்தப் பழைய லத்தீன் பாட்டைக் கேட்க ஆசை வந்தது.

"நல்லாப் பாடீட்டீங்கன்னா உபதேசியார் வேலைக்கு உங்களையே வெச்சுக்கலாமுங்க" என்று அப்பாவிடம் சொன்னார்.

கோயிலில் ஜெபமும் பாட்டும் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாருக்குச் சம்பளமும் கோயிலை ஒட்டி வீடும் உண்டு. அம்மா மழையில் சரிவேற வேண்டாம். ஒரு மாதம் அப்பா எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த சிலோன் சனங்களைப் பிடித்துவைத்துச் சொல்லிக்கொடுத்தார். "அந்த எடம் வந்தா முழந்தாள் போட்றணும் புள்ள, மறந்துறாத" என்று எனக்கு மட்டுமே பத்துத் தடவை சொல்லியிருப்பார்.

விழாவன்று எல்லாம் நன்றாகத்தான் போனது. அந்த வரி வந்தது. அப்பாவும் எங்கள் சனம் முப்பது பேரும் முழந்தாள் போட்டோம். மற்றவர்கள் நின்றபடியே எங்களைப் பார்த்தார்கள்.

"ஏனுங்க, இவங்களுக்கு என்னாச்சு?" என்று பின்னால் ஒரு பெண் கேட்டாள்.

"சிலோன்காரங்க அப்பிடித்தானுங்க" என்றாள் இன்னொருத்தி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

வரி முடிந்ததும் அப்பா மூச்சு வாங்க நிறுத்தினார். பாட்டே முடிந்துவிட்டது என்று நினைத்து ஆர்மோனியக்காரர் ஒரு தமிழ்ப் பாட்டை எடுத்துவிட்டார். கோயிலே சேர்ந்து பாடியது. அப்பா எழவில்லை. மீதிப் பாட்டு அவர் வாயிலேயே நின்றுபோனது.

நான் எழுந்தேன். அந்தத் தமிழ்ப் பாட்டு பள்ளிக்கூடத்தில் படித்தது. நான் சிலோன்காரி இல்லை என்று காட்ட, எல்லாரையும்விட உரக்கப் பாடினேன். அப்பா ஒருமுறை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மெச்சுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலை ஆர்மோனியக்காரரின் தம்பிக்குப் போனது. "உங்க பாட்டு சனங்களுக்குப் புரியலீங்க" என்றார் சாமியார். பாடச் சொல்லிக் கேட்டவரும் அவர்தான். அம்மா இன்னும் பதினோரு வருஷம் இருமிக்கொண்டே கொழுந்து பறித்தாள். அப்பா ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தார், வாயைத் திறக்கவில்லை.

வெகுகாலம் கழித்து வேறொரு சாமியாரிடம் அந்தப் பாட்டுக்கு அர்த்தம் கேட்டேன். அந்த வரிவரைக்கும் வெறும் புகழ்ச்சிதானாம். முழந்தாள் போடும் இடத்தில்தான் முதன்முதலாக உதவி கேட்கிறதாம். அப்பா உதவி கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் நான் எழுந்து நின்று ஊரோடு சேர்ந்து பாடியிருக்கிறேன்.