திகதியாகிப் போன திதி

அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு, அதாவது முதலாம் வருடத் திதிக்கு, எனக்கு ஒரு நாள் லீவு வேண்டியிருந்தது. நான் ஒரே மகன். நெடுந்தீவு வீட்டில் நான் போய் உட்கார்ந்தால்தான் ஐயர் கிரியையைத் தொடங்குவார். என் வேலையோ வேலணையில், படையினர் நடத்தும் பண்ணையில். நாங்கள் சிவில் ஊழியர்கள், எங்களுக்குச் சீருடை கிடையாது. ஆனால் லீவு கேட்பதென்றால் படை முறைப்படிதான் கேட்கவேண்டும். முதலில் எங்கள் குழுத் தலைவர், பிறகு சார்ஜன்ட், அதற்கு மேல் கப்டன். ஒருவரைத் தாண்டி அடுத்தவரிடம் போக முடியாது.

லீவு எனக்கு வரவேண்டியும் இருந்தது. பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறையான பொசன் போயா அன்று, நயினாதீவு விகாரைக்குப் போகிற யாத்திரிகர்களை வரிசையில் நிறுத்துவதற்கு எங்களைக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு அனுப்பியிருந்தார்கள். விடுமுறை நாளில் வேலை செய்தால் அதற்கு ஈடாக வேறொரு நாள் தருவார்கள். லியூ லீவு என்று சொல்வோம்.

நாள் விஷயத்தில் நான் கொஞ்சம் கடும்பிடி. அப்பா இறந்தது ஆடி மாதத்துத் தேய்பிறைத் தசமியில். இந்த வருடம் அந்தத் தசமி, மரணச் சான்றிதழில் இருக்கும் திகதிக்குப் பதினொரு நாள் முந்தி, ஒரு வியாழக்கிழமையில் வந்தது. இரண்டு பஞ்சாங்கங்களில் பார்த்து உறுதிசெய்த பிறகே, அந்த வியாழனுக்கு லீவு கேட்டு, ‘தந்தையாரின் ஆண்டுத் திதி’ என்று காரணம் எழுதி, சான்றிதழின் பிரதியையும் இணைத்துக் குழுத் தலைவரிடம் கொடுத்தேன்.

அவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். ஊர்காவற்றுறைப் பக்கத்து வேதக்காரர், கத்தோலிக்கர். அவர்கள் வீட்டில் செத்தவர்களுக்கு இறந்த திகதியிலேயே பூசை ஒப்புக்கொடுப்பார்கள். என் கடிதத்தை வாசித்தவர், நான் அவசரத்தில் ஓர் எழுத்தை விட்டுவிட்டேன் என்று நினைத்து, ‘திதி’க்கு நடுவில் ஒரு ‘க’வைச் செருகி, கையொப்பமிட்டு மேலே அனுப்பிவிட்டார். எனக்கு நல்லது செய்ததாகவே அவர் நினைத்திருப்பார்.

இரண்டு நாள் கழித்துச் சார்ஜன்ட் வந்தார். ஓரளவு தமிழ் பேசுவார்.

“தம்பி, உங்கட அப்பா எத்தினை தரம் செத்தது?”

எனக்கு விளங்கவில்லை. கடிதத்தையும் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு திகதிகள். பொய்க் காரணம் எழுதியிருக்கிறேன் என்று கப்டன் சந்தேகப்படுகிறாராம். அண்ணையையும் என்னையும் கப்டனின் அறைக்குள் கூப்பிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கினேன். நான் எழுதியது இறந்த திகதி அல்ல, நிலவின் நாள் என்றேன். “போயா ஒவ்வொரு வருசமும் ஒரே திகதியிலா வருகிறது, சேர்?” என்று கேட்டதும் கப்டனின் முகம் தெளிந்தது. அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. செருகிய ‘க’வைச் சார்ஜன்ட் விரலால் தொட்டுக் காட்டினார். யார் எழுதியது என்று கப்டன் கேட்டார்.

“நான்தான் சேர்,” என்றார் அண்ணை.

அதே வியாழக்கிழமைக்கு அண்ணையும் லியூ லீவு கேட்டிருந்தார். அவருடைய மனைவிக்கு யாழ்ப்பாணத்தில் கண் கிளினிக். கண்ணுக்கு மருந்து விட்டால் பல மணி நேரம் பார்வை மங்கும், தனியே திரும்பி வர ஏலாது. கப்டன் இரண்டு கடிதங்களையும் மேசையில் வைத்தார். ஒரே நாளில் இரண்டு பேரை விடமுடியாது, சரியாக வாசிக்காமல் கையொப்பமிட்டவர் அன்று நின்று வேலையைப் பார்க்கட்டும் என்று தீர்த்துவிட்டார்.

நான் பொய்யன் இல்லை என்று காட்டுவதற்கு அண்ணை பிழை விட்டதைக் காட்டவேண்டியிருந்தது. வேறு வழி இருந்ததா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். கிடைக்கவில்லை. கிடைக்காததால் மனம் ஆறவும் இல்லை.

வெளியே வந்ததும், “அண்ணை, நான் வேற நாள் கேக்கிறன்,” என்றேன்.

“என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? கிளினிக்கைப் பிறகு பாப்பம். உம்மடை அப்பாவின்ரை நாளைத் தள்ளிவைக்க ஏலுமோ?”

ஏலாது. அது அவருக்கு இப்போது தெரிந்திருந்தது, நானே அவருக்கு முன்னால் விளக்கியிருந்தேனே.

வியாழன் காலை ஐயர் சங்கற்பத்தில் தசமி என்று சொன்னபோது நானும் சொன்னேன். பிழையில்லாத நாள், பிழையில்லாத கிரியை. அம்மா நிம்மதியாக இருந்தா. காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு நின்றபோது, கிளினிக்கில் இப்போது பெயர் கூப்பிடும் நேரம் என்ற நினைப்பு வந்தது. காகம் வந்து கொத்திவிட்டுப் போனதை நான் கவனிக்கவில்லை. அம்மா சொன்ன பிறகே தெரிந்தது.

மறுநாள் வடையும் மோதகமும் கொண்டுபோனேன். அண்ணை பப்பாசி மரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“எல்லாம் ஒழுங்கா முடிஞ்சுதோ?”

“ஓம் அண்ணை. அக்கா கிளினிக்குக்குப் போனவவோ?”

“போகேல்லை. கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. தீபாவளிக்குப் பிறகுதான் அடுத்த நாள் குடுத்திருக்கிறாங்கள்.” வடையைக் கடித்தார். “உப்புக் கொஞ்சம் காணாது.”

“அண்டைக்கு உங்களுக்கு லீவு கிடைக்காட்டி நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போறன். எனக்கு இன்னும் ஒரு லியூ கிடக்கு.”

“திரும்பவும் கடிதமோ?” அண்ணை வாய் நிறைய வடையோடு சிரித்தார். “அப்பிடியெண்டால் என்னட்டைத் தந்திட்டு, பக்கத்திலையே நில்லும் தம்பி. பேனையைத் தொட எனக்குப் பயமாக்கிடக்கு.”

அவர் பகிடியாகத்தான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. குழாயை அவர் கையிலிருந்து வாங்கி, மிச்ச மரங்களுக்கு நான் தண்ணீர் விட்டேன்.