வலது தோளில் ஒரு விரல் அகலம்

பந்துவீச்சாளன் நாம்குங் ஹியோன் தென்கொரியத் துறைமுக ஊரான மொக்போவை விட்டுப் போன அன்று, பியோ மல்சுன் அவன் பெயரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். ஜூலை மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை, ஆட்டமில்லாத நாள். அவன் ஏறிய காலை ரயில் வடக்கே பாதி வழிகூடப் போயிருக்காது. அதற்குள் பேஸ்பால் அரங்கத்துக்கு எதிர்ச் சந்திலுள்ள அவள் தையல் கடை வாசலில், ரசிகர்கள் திமிங்கில அணிச் சட்டைகளோடு நின்றார்கள். முதுகில் தைத்திருக்கும் அவன் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் வைக்க வேண்டும். பெயர் பிரிக்க மல்சுன் கத்தரியைத் தொடமாட்டாள். சவர பிளேடில் பாதியை ஒடித்து வைத்துக்கொண்டு, எழுத்தின் காலில் தொடங்கி மேலே போவாள். பிரிந்து வரும் நூலை உதட்டில் ஒட்டவைத்துக்கொண்டே பேசுவாள்.

"புதுப் பேரு யாரு?"

"அந்த இடதுகைக்காரன், சித்தி. இனிமே ஆட்டக் கடைசியில பந்து போட அவன்தானே வருவான்."

"அவனா? ஆகஸ்டு முடியறதுக்குள்ள நீ மறுபடி இங்க வருவே. இப்பவே தையலை லேசா ஓட்டி வைக்கிறேன். பிரிக்க வசதியா இருக்கும்."

சிரித்தவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மல்சுனுக்கு ஐம்பத்தாறு வயது. குள்ளம், கழுத்தில் எப்போதும் அளவு நாடா, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. கணவர் தீவுகளுக்குப் போகும் படகில் வேலை செய்கிறவர். கால்பந்து பார்ப்பார் என்பதால் கடைக்குள் அவருக்கு மரியாதை குறைவு. ஒன்பது இன்னிங்ஸில் ஆறாவது வரை அவள் தொலைக்காட்சியைக் காதால்தான் பார்ப்பாள், கை தைத்துக்கொண்டிருக்கும். ஏழாவது தொடங்கியதும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு நாற்காலியைத் திருப்புவாள். அப்போதும் ஆட்டத்தைப் பார்க்கமாட்டாள். திரையின் ஓரத்தில், மாற்று வீச்சாளர்கள் எழுந்து கையைச் சூடாக்கும் மூலையைத்தான் பார்ப்பாள். கேமரா வேறு பக்கம் போய்விட்டால் கேமராக்காரனின் குடும்பத்துக்கே திட்டு விழும்.

"மேட்டுல ஏறிப் போடறதை மட்டும் எல்லாரும் எண்ணுறானுங்க. இந்த மூலையில நின்னு போடறதை மட்டும் என்ன, காலாலயா போடறான்? எழுப்பி விடுறது, உக்கார வைக்கிறது, மறுபடி எழுப்பி விடுறது. கடைசியில ஆளை இறக்காமலேயே ஆட்டம் முடிஞ்சிடும். பேப்பர்ல 'இன்று ஓய்வு'ன்னு போடுவான். ஓய்வாம்!"

அணியின் பயிற்சியாளர் மா யோங்சிலின் பெயரை அவள் வாயால் சொல்வதில்லை. "அந்த ஆளு" என்பாள். "வீட்டுல ஒரே துணிய வச்சுக்கிட்டு சட்டி, மேசை, தரை எல்லாத்தையும் துடைக்கிற ஜாதி அது" என்பாள். அந்தத் துணி ஹியோன்தான். ஒரு ஓட்டம் முன்னால் இருந்தால் ஹியோன். ஐந்து ஓட்டம் முன்னால் இருந்தாலும் ஹியோன். ஐந்து ஓட்டம் பின்தங்கிவிட்டால், கை மரத்துப் போகக்கூடாது என்று ஹியோன். அவன் ஓடி வரும்போது அரங்கமே எழுந்து அவனுக்கான பாட்டைப் பாடும். மல்சுனும் கடைக்குள் எழுந்து நின்று பாடுவாள், மற்றவர்களைவிடச் சத்தமாக. பாடிவிட்டு உட்கார்ந்ததும் காய்ந்த கணவாய் மீனைக் கடித்துக்கொண்டு, "ஏன்டா பிள்ளைய மறுபடியும் கொண்டாந்தீங்க" என்று புலம்புவாள். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்துதான் வந்தன.

அந்த ஆண்டு வசந்தத்தில் ஒரு மதியம் ஹியோன் பின்வாசல் வழியாகக் கடைக்குள் வந்தான். கால்சட்டை நீளம் குறைக்க வருகிறவன்தான். அன்று ஆட்டச் சட்டையை மேசைமேல் வைத்தான்.

"சித்தி, வலது தோள்ல மட்டும் ஒரு விரல் அகலம் விடணும்."

"எழுந்து நில்லு, அளவு எடுக்கணும்."

போட்டிருந்த சட்டையைக் கழற்ற அவனால் கையைத் தூக்க முடியவில்லை. அவள்தான் குழந்தைக்குக் கழற்றுவதுபோலத் தலைவழியே இழுத்துவிட்டாள். நாடாவைச் சுற்றினாள். இடது தோளில் இருந்த அளவு வலது தோளில் இல்லை.

"என்னடா இது, வீங்கியிருக்கு?"

"ஐஸ் வச்சா போயிடும்."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"இந்த ஒரு வருஷம் ஓட்டிட்டா எட்டு முடிஞ்சிடும் சித்தி. அப்புறம் எந்த டீமுன்னு நானே பார்த்துப் போவேன். அப்ப படுத்துக்கறேன், நல்லா." அவன் சட்டைக்குள் கையை நுழைக்க அவள் உதவினாள். "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

அந்த எட்டின் கணக்கு அங்கே எல்லா ரசிகர்களுக்கும் தெரியும். முதல் அணிப் பட்டியலில் போதுமான நாள் பெயர் இருந்தால்தான் அந்த ஆண்டு சேரும். அப்படி எட்டு ஆண்டுகள் சேர்ந்தால்தான் ஒரு வீச்சாளன் அணியின் பிடியிலிருந்து விடுபட்டுத் தன் கைக்குத் தானே விலை சொல்லலாம். நடுவில் இரண்டாம் அணிக்குத் தள்ளப்பட்டால் நாள்கள் போயிற்று, ஆண்டும் போயிற்று.

மல்சுன் தோளில் ஒரு விரல் அகலம் விட்டுத் தைத்தாள். வெளியே தெரியாதபடி உள்தையல். வாயையும் அப்படியே தைத்து வைத்திருந்தாள், மா யோங்சில் அவனை மூன்று நாள் தொடர்ந்து இறக்கும்வரை. நாலாவது நாள் அணி ஆறு ஓட்டம் பின்னால். அன்றும் அந்த மூலையில் எழுந்து நின்றவன் ஹியோன்தான்.

ஆட்டம் முடிந்து ரசிகர்கள் எல்லோரும் கடையில் பொரித்த கோழியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ரசிகர் மன்றத்தை நடத்துகிறவன் தாக் கியு. பக்கத்துக் கட்டடத்து வீட்டுத் தரகன், பேசினால் நிறுத்தத் தெரியாதவன். "அவன் இரும்பு, சித்தி. இன்னும் நாலு நாள் போடுவான்" என்றான்.

மல்சுன் கோப்பையை வைத்தாள். "இரும்பா? தோளு வீங்கிக் கிடக்குடா மடையா! சட்டையை நான்தான் பெருசாக்கிக் கொடுத்தேன்."

தாக் கியு அங்கேயே பணம் திரட்ட ஆரம்பித்தான்.

அடுத்த வாரம் வண்டி போனது. அங்கே ரசிகர்களுக்குக் கோபம் வந்தால் செய்கிற காரியம் அது: பணம் போட்டு, பக்கவாட்டில் பெரிய மின்பலகை வைத்த லாரியை வாடகைக்கு எடுத்து, தலைநகர் சியோலில் அணி முதலாளியின் அலுவலகத்தைச் சுற்றிச் சுற்றி ஓடவிடுவார்கள். பலகையில் ஓட வேண்டிய வாசகத்தை மல்சுன்தான் சொன்னாள். "நாம்குங் ஹியோனின் வலது தோள் வீங்கியிருக்கிறது. ரசிகனுக்குத் தெரிந்தது பயிற்சியாளருக்குத் தெரியாதா?" சாயங்காலச் செய்தியில் லாரி வந்தது. கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். தாக் கியு அவளைத் தோளோடு அணைத்து, "உங்களை கோச்சாப் போடணும் சித்தி" என்றான். அன்று அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

மறுநாள் மா யோங்சில் நிருபர்கள் முன்னால் சிரித்தபடி வந்தார். "ரசிகர்களே வைத்தியம் பார்த்துட்டாங்க. அவங்க பேச்சைக் கேக்காம இருக்கலாமா? நல்லா ஓய்வெடுக்கட்டும்."

ஹியோன் இரண்டாம் அணிக்குப் போனான். பத்து நாளில் அழைப்பார்கள் என்றார்கள். மே போனது, ஜூன் போனது. எட்டாவது ஆண்டும் போனது.

தைக்கக் கொடுத்திருந்த கால்சட்டையை வாங்க அவன் ஒருமுறை வந்தான். இந்த முறை முன்வாசல் வழியாக.

"யாரு சொன்னதுன்னு நான் கேக்கப் போறதில்லை, சித்தி. அந்தச் சட்டையைப் பிரிச்சது நீங்க ஒருத்தர்தான்."

"உன் கை போயிடும்னுதாண்டா..."

"வலி எனக்குத் தெரியாதா? தாங்கிட்டுத்தானே இருந்தேன்." கால்சட்டையை இடது கையால் எடுத்துக்கொண்டான். "நல்லா இருக்கறவனைத்தான் வெளி டீம் வாங்கும். இவன் தோளு கெட்டவன்னு ஊரெல்லாம் லாரியில எழுதிக் காட்டிட்டீங்களே."

மற்ற நாள்களில் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போகிறவன், அன்று இடுப்பு வரை குனிந்து வணங்கினான், முன்பின் தெரியாத பெரியவர்களுக்கு வணங்குவதுபோல. பிறகுதான் அந்தத் திங்கட்கிழமை ரயில். திமிங்கிலம் அவனை வடக்கே ஓர் அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது. அங்கேயும் ஒரு மா யோங்சில் இருந்தார், பெயர்தான் வேறு. அடுத்த வசந்தத்தில் தோள் கிழிந்தது. கத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு அவன் பெயரை எந்தப் பட்டியலிலும் யாரும் பார்க்கவில்லை.

அறுவைச் சிகிச்சைச் செய்தி வந்த அன்று மல்சுன் தொலைபேசியில் அவனுக்கு நீளமாக எழுதினாள். மன்னிப்பு என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டு, இரண்டை அழித்து, அனுப்பினாள். படிக்கும்வரை செய்தியின் பக்கத்தில் நிற்கும் '1' சாயங்காலம் மறைந்தது. படித்துவிட்டான். பதில் இல்லை.

"நாம என்ன தப்பு பண்ணோம் சித்தி?" என்று தாக் கியு இன்னமும் கேட்பான். "கையைக் கெடுத்தது அந்த ஆளுதானே?"

"கையை அந்த ஆளு கெடுத்தான். பொழப்பை நாம கெடுத்தோம். ஆளுக்குப் பாதி." ஊசியில் நூல் கோப்பாள். "நீ வாடகையைத்தான் போட்டே. வாயைப் போட்டவ நானு."

ஹியோன் போன அந்த ஆண்டு இடதுகைக்காரன் ஆகஸ்டைத் தாண்டிவிட்டான். செப்டம்பர் முதல் வாரம் முழங்கை போனது. அந்தச் சட்டைகள் திரும்பி வந்தபோது, லேசாக ஓட்டிய தையல் உண்மையிலேயே சுலபமாகப் பிரிந்தது. அவள் சொன்னது பலித்துவிட்டதாக யாரோ பாராட்டினார்கள். "வாயைக் கழுவு" என்றாள். இப்போது வீரர்கள் அளவு கொடுக்க வந்தால் எதுவும் கேட்பதில்லை. எண்ணைப் பார்க்காமல் நாடாவில் விரலை மட்டும் வைத்து, சுவரைப் பார்த்தபடி அளக்கிறாள். ஆனால் ஏழாவது இன்னிங்ஸ் வந்தால் நாற்காலி திரும்பிவிடுகிறது. பாட்டு தொடங்கினால் உதடு அசைந்துவிடுகிறது.

ஹியோன் போனபின் வந்த மூன்றாவது இலையுதிர்காலத்தில், ஒரு மதியம், தொலைபேசி மேசைமேல் அதிர்ந்தது. ஹியோன். ஒரு படம், கீழே இரண்டு வரி. குழந்தையின் முதல் பிறந்தநாள் விருந்து. கைப்பகுதியில் வண்ணக் கோடுகள் உள்ள பட்டுச் சட்டை போட்ட ஒரு பெண் குழந்தை. எதை எடுக்கிறதோ அதுவே அதன் வாழ்க்கை என்று பார்ப்பதற்காக, முன்னால் மேசையில் பென்சில், காசு, டாக்டரின் ஸ்டெதஸ்கோப், அரிசிக் கிண்ணம்.

"சித்தி, என் பொண்ணு. பென்சிலை எடுத்தா. பந்து மட்டும் மேசையில வைக்கலை."

லாரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னித்ததாகவும் இல்லை, மன்னிக்காததாகவும் இல்லை.

தாக் கியு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "அட, அப்பன் மூக்கு அப்படியே இருக்கு பாருங்க!"

மல்சுன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள். குழந்தை முகத்தில் நிற்காமல் விரல்கள் படத்தின் ஓரத்துக்கு நகர்ந்தன. அங்கே பாதி வெட்டுப்பட்டு நின்ற அப்பனின் வலது தோளை இரண்டு விரலால் விரித்தாள். படம் கலங்கியது. இன்னும் விரித்தாள்.