மிளகாய் மில் ஷாஃப்டும் இருபது டன் ஜாக்கும்

என் மகள் ஒரகடத்தில் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்த மறுநாள் காலை, ஷெட்டில் இருந்த ஸ்கூட்டரை வெளியே தள்ளி வேப்பமரத்தடியில் நிறுத்தினாள்.

"இனிமே வண்டி இங்க நிக்கட்டும்மா. ஷெட்டு எனக்கு."

அங்கே மூன்று வருடம் அவளுக்கு ஒரே வேலைதான். வருகிற ஷாஃப்டுகளை, மிஷினில் சுற்றுகிற இரும்புத் தண்டுகளை, அளந்து பார்ப்பாள். கோணலாக இருந்தால் சிவப்பு பெயின்ட் அடித்து ஓரமாகத் தள்ளுவாள். அப்படித் தள்ளியவற்றில் பாதியை அமுக்கி நிமிர்த்தியிருக்கலாம் என்பது அவள் கட்சி. "எல்லாரும் தூக்கிப் போடறாங்க. படப்பைல ஒருத்தன்கிட்ட ஷாஃப்ட அமுக்கற பிரஸ் கீதா சொல்லு? மாவு மில்லுக்காரன், மோட்டார் ரிப்பேர்க்காரன், எல்லாம் ஷாஃப்ட தூக்கிக்கினு மெட்ராசுக்கு ஓடறான்." டிப்ளமா படித்தவள், இருபத்து நான்கு வயது. சொன்னால் கேட்கிற வயது இல்லை.

நான் பள்ளியில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். சின்ன உருளை, பெரிய உருளை, நடுவில் எண்ணெய் என்று நீரியல் தூக்கியின் படத்தை எத்தனையோ வருடமாகக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன். அந்தப் படம் என் வீட்டு ஷெட்டில் ஆள் உயரத்துக்கு எழுந்து நிற்கும் என்று மட்டும் நினைத்ததில்லை.

பழைய இரும்புக் கடையிலிருந்து கனமான சேனல் சட்டங்கள் குட்டி யானை வண்டியில் வந்து இறங்கின. இரண்டைச் செங்குத்தாக நிறுத்தி, மேலே ஒரு குறுக்குச் சட்டம், கீழே மேடை போல ஒரு சட்டம் வைத்து வெல்டிங் அடித்தாள். லாரிக்கு அடியில் வைக்கிற இருபது டன் ஜாக் ஒன்றை நடுவில் பொருத்தினாள். அமுக்கி முடித்ததும் ஜாக்கை மேலே இழுத்துக்கொள்ள, இரண்டு பக்கமும் பைக் ஸ்டாண்டு ஸ்பிரிங்குகள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்த என் கணவர் சாப்பாட்டுப் பையோடு வாசலிலேயே நின்று பார்த்தார்.

"இன்னா, ஊஞ்சலா? இன்னும் கல்யாணமே ஆவல, அதுக்குள்ள பேரப்புள்ளைக்கு ஊஞ்சலா?"

"நைனா, சிரிச்சது போதும். அந்த சேனல புடி."

பிடித்தார். அவர் எப்போதும் அவள் கட்சி.

முதல் சோதனை அன்றுதான் அது நடந்தது. உதவாத ஷாஃப்ட் ஒன்றை மேடையில் கிடத்தி, அதற்கும் ஜாக்குக்கும் நடுவே முட்டுக் கொடுக்க ஓர் உருண்டை இரும்புத் துண்டை வைத்திருந்தாள். நான் டீ கொண்டுபோனேன். அவள் கைப்பிடியை நாலைந்து தடவை அடித்தாள். அந்தத் துண்டு வழுக்கியது. ஒரு சத்தம்தான் கேட்டது. துண்டு போனது என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. தகரச் சுவரில் ஓட்டை விழுந்திருந்தது. அவள் காதுக்கும் அந்த ஓட்டைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அவள் முதலில் சிரித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து வந்து, "யாரு பட்டாசு வுட்டது?" என்றார்.

ஷெட்டைப் பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மூன்று நாள் அவளும் நானும் பேசவில்லை. நான்காம் நாள் ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டு வந்தாள். பிரஸ்ஸின் முன்னும் பின்னும் கனத்த இரும்புத் தகட்டில் கதவுகள். நழுவாதபடி பள்ளம் வெட்டிய தட்டையான முட்டு. பக்கவாட்டில் நின்று அடிப்பதற்கு நீளமான கைப்பிடி. ஷாஃப்டின் இரண்டு முனைகளும் உட்காருகிற பள்ளக் கட்டைகளை வி-பிளாக் என்பாள். ஷாஃப்ட் துள்ளி எழாமல் இருக்க அவை இரண்டுக்கும் மேலே மூடி. "மூடி எதுக்கு? இது தேவையே இல்ல. உனக்காகத்தான் போடறேன்" என்றாள். நான் சாவியைக் கொடுத்தேன். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டேன். கம்பெனியிலிருந்து போன் வந்திருந்தது. திங்கட்கிழமைக்குள் வந்தால் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களாம். அதற்குள் ஒரு ஷாஃப்டையாவது, வெளியார் கொடுத்த ஷாஃப்டை, ஒழுங்காக நிமிர்த்திக் கொடுத்துவிட்டால் மிஷின் இருக்கட்டும். இல்லையென்றால் ஜாக்கைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போக வேண்டும்.

"டீல்" என்றாள்.

சனிக்கிழமை மணிமங்கலத்தில் மிளகாய் மில் வைத்திருக்கும் அம்மாள் வந்து சேர்ந்தார். அவருடைய பெண் என்னிடம் படித்தவள். மூன்றடி ஷாஃப்டைப் பழைய புடவையில் சுற்றி ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"இதுக்கும் ஒரு சீட்டு குடுன்றான் டீச்சர் அந்த ஆட்டோக்காரன்! கொயந்தன்னு நெனச்சிட்டானாட்டம் கீது."

"என்ன ஆச்சுங்க?"

"மொளகாயோட ஒரு போல்ட்டு உள்ள பூட்ச்சு. டமால்னு சத்தம். அதுலேருந்து மில்லு ஆடுது பாரு, சாமி வந்தாப்புல. நாளிக்கு சாயங்காலம் குடுத்துடு பாப்பா. திங்கக்கெயம ரெண்டு மெஸ்ஸுக்கு மொளகாத்தூள் தரணும். இல்லாட்டி வேற மில்லுக்குப் பூடுவானுங்க."

ஞாயிறு காலை வேலை ஆரம்பமானது. ஷாஃப்டின் நடுவில் டயல் கேஜின் நுனியைத் தொட வைத்து, ஷாஃப்டை மெல்லச் சுற்றினாள். கடிகாரம் போன்ற அந்தக் கருவியில் ஒரு கோடு என்றால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முள் முதலில் நூற்று நாற்பது கோடு ஓடியது. மேடான பக்கத்தில் சாக்பீஸால் குறி போட்டு, அதை மேலே கொண்டுவந்து, கதவை மூடிவிட்டு அடித்தாள். நேராகும் வரை அமுக்கினால் இரும்பு நிமிராது. விட்டதும் பழைய கோணலுக்கே வந்துவிடும். நேரைத் தாண்டி மறுபக்கம் கொஞ்சம் போக வேண்டும். எவ்வளவு தாண்டுவது என்பதில்தான் வேலை இருக்கிறது. நூற்று நாற்பது எண்பதானது, பிறகு முப்பதானது. மதியத்துக்குள் ஐந்து கோட்டுக்கு வந்துவிட்டது. மில்லுக்கு அது போதும்.

"நான் குளிச்சிட்டு சாப்ட்டு வந்து கடசியா ஒரு தடவ செக் பண்றேன். நாலு மணிக்கு அந்தம்மா வருவாங்க" என்றவள், வாசலில் திரும்பி என்னைப் பார்த்தாள். "மா, மிஷினுக்குப் பொட்டு வெச்சியா, அதோட நிறுத்திக்கோ. ஷாஃப்ட்ல கை வெக்காத."

என் முகத்தைப் பார்த்தே நான் நினைத்ததைக் கண்டுபிடித்திருக்கிறாள். அவள் குளிக்கப் போனதும் நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். அந்த ஓட்டை விழுந்த நாளிலிருந்து எனக்கு எதைச் செய்தாலும் போதவில்லை. வி-பிளாக் மூடிகளைத் திறந்து ஷாஃப்டின் இந்த முனையில் ஒரு பொட்டு, அந்த முனையில் ஒரு பொட்டு, கெட்டியாக வைத்தேன். மேலே குங்குமம். மூடியைச் சாத்திவிட்டால் வெளியே தெரியாது. வேண்டிக்கொண்டு வந்து அவளுக்கு ரசம் ஊற்றினேன்.

தகர ஷெட்டின் வெயிலில் ஒரு மணி நேரத்தில் சந்தனம் எப்படிக் காய்ந்திருக்கும் என்பதை நான் யோசிக்கவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் போனவள், நான் பக்கத்தில் நிற்க, ஷாஃப்டைச் சுற்றிப் பார்த்தாள். இருபத்தைந்து கோடு காட்டியது.

"இன்னாது இது? அஞ்சு இருந்திச்சே!"

அமுக்கிய இரும்பு சில சமயம் தானாகவே கொஞ்சம் திரும்பும் என்று அவளுக்குத் தெரியும். அப்படித்தான் என்று நினைத்து, முள் மேலே காட்டிய இடத்தில் குறி போட்டு அடித்தாள். முப்பதானது. மறுபடி அடித்தாள். முப்பத்தெட்டு. மணி மூன்றரை. கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது.

"சரிம்மா. நீ ஜெயிச்சிட்ட. அந்தம்மாகிட்ட நானே சொல்லிக்கறேன். நாளிக்கு கம்பெனிக்குப் போறேன்."

எனக்கு உள்ளே நிம்மதியாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. சும்மா கையை நீட்டி ஷாஃப்டை ஒரு தடவை சுற்றினேன். அப்போதுதான் முள்ளைச் சரியாகப் பார்த்தேன். வளைந்த ஷாஃப்ட் சுற்றினால் முள் மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும், நான் பிள்ளைகளுக்கு வரைகிற அலை மாதிரி. இது பாதி வழியில் திடீரென்று துள்ளியது. பிறகு சாதுவாகப் போனது. இன்னொரு தடவை துள்ளியது. ஏதோ மேட்டின் மீது ஏறி இறங்குவது போல.

எதன் மீது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது.

கம்பெனி பஸ் தெருமுனையில் வந்து நிற்பதும், அவள் டிபன் பாக்ஸோடு ஏறுவதும், பறக்கிற இரும்பு எதுவும் இல்லாத அந்த ஹாலில் அவள் பெயின்ட் பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் மனதில் ஓடின. நான் பேசாமல் இருந்தால் போதும். அவள் ஸ்பேனரைத் தேடத் தொடங்கியிருந்தாள், ஜாக்கைக் கழற்றுவதற்கு.

"மூடியைத் தொறந்து பாரு" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"தொறன்னா தொற."

திறந்தாள். விரலால் தடவினாள். முகர்ந்தாள்.

"மா."

"கொஞ்சமாத்தான் வெச்சேன்."

"கொஞ்சமா? நலங்கு வெச்சா மாரி வெச்சிருக்க!"

"பயமா இருந்துச்சுடி."

"நீ ஃபிசிக்ஸ் டீச்சர்தானம்மா?"

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம."

சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. இரண்டு முனைகளையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து அளந்தாள். பதினெட்டு. இப்போது முள் துள்ளவில்லை. "பாத்தியா, நேரா இருந்தத நானே வளைச்சிட்டேன். இன்னும் அர மணி நேரம்தான் கீது. நீ வந்து அடி. நான் முள்ளப் பாத்துக்கறேன்."

"நானா?"

"தப்பு யாருது?"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவளுடைய பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தேன். கரும்பலகைப் படத்தில் அம்புக்குறியாக மட்டும் இருந்த விசை என் உள்ளங்கையில் கனத்தது. எதுவும் அசைவதாகத் தெரியவில்லை. ஆனாலும் கதவுக்குப் பின்னால் இரும்பு வளைந்துகொண்டிருந்தது.

"இன்னும்மா."

"போதும்டி, நேராத்தான் இருக்கும்."

"வுட்டா திரும்பிடும். மீள்தன்மைன்னு நீதான நடத்தற? அடி. ஆங், கண்ணத் தொறந்துகினு அடி!"

இரண்டு முறை பயத்தில் முன்கூட்டியே நிறுத்தினேன். இரண்டு முறையும் ஷாஃப்ட் பதினெட்டுக்கே வந்து நின்றது. மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு அவள் சொன்ன இடம் வரைக்கும் போனேன். ஏழு. இன்னும் ஒரு தடவை. நான்கு. மதியம் இருந்ததைவிட ஒரு கோடு குறைவு.

மில்லுக்கார அம்மாள் வந்தபோது என் முந்தானையெல்லாம் எண்ணெய். "இன்னா டீச்சர், நீங்களே எறங்கிட்டீங்களா!" என்று கன்னத்தில் கை வைத்தார். ஷாஃப்டைத் தானே சுற்றிப் பார்த்தார். முள்ளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஆடவில்லை என்பது தெரிந்தது. "அய்ய, புதுசு மாரி கீதே! ஒரு சொட்டு சந்தனம் இருந்தா குடு டீச்சர், பொட்டு வெச்சி எட்த்துனு போறேன்."

"வேணாம்!" என்றோம் இரண்டு பேரும். அவர் பயந்துபோய் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து போன் வந்தது. பேசாமல் போனை மில் பக்கம் காட்டியிருக்கிறார் போலிருக்கிறது. ஒரே சீராக ஒரு இரைச்சல். என் மகள் காதில் வைத்து ரொம்ப நேரம் கேட்டாள். பிறகு கம்பெனிக்குத் தானே போன் போட்டு, வரவில்லை என்றாள். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

பிரஸ்ஸின் கதவுகளை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்குக் கிளம்பினேன். யாரோ ஒருவர் ரைஸ் மில் ஷாஃப்டோடு வருவதாகச் சொல்லியிருந்தார். இடைவேளை மணி அடித்ததும் போன் செய்தேன்.

"கதவு சாத்தியிருக்கியா?"

"சாத்தியிருக்கேம்மா."

"கண்ணாடி?"

"போட்டுருக்கேன்."

"கை?"

"பத்து வெரலும் கீதும்மா. எண்ணிப் பாக்கறியா?"

ஒரு நிமிடத்தில் படம் வந்தது. எண்ணெய்க் கறுப்பில் இரண்டு கைகள், விரல்களை விரித்தபடி. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து உண்மையாகவே எண்ணினேன். பத்து இருந்தன. வகுப்புக்குப் படியேறும்போதுதான் இரண்டு கையும் படத்தில் இருந்தால் படத்தை எடுத்தது யார் என்று தோன்றியது. பாவம், நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிய மனிதரை எழுப்பிவிட்டிருக்கிறாள்.