தண்டவாளத் துண்டும் என் தங்கை புருஷனும்

என் தங்கை புருஷனுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கைதான் பேசும். மூட்டைக் கிடங்கில் பதினொரு வருடம் சுமை தூக்கியவர். மேற்பார்வையாளன் ஒருநாள் அவர் அம்மாவை இழுத்துப் பேசினான். அவன் மூக்கு உடைந்தது, இவர் வேலை போனது.

அந்தச் சமயத்தில்தான் மலைக்காட்டுக்குள் சைக்கிள் ஓட்ட ஒன்பது பாதைகள் வெட்டினார்கள். பாறை புரட்டப் போனவர் அங்கேயே பாதைக்காவலர் ஆகிவிட்டார். மேல் கேட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் நான் சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறேன். கேட் சாவியும் என்னிடம்தான்.

தினமும் காலையில் எல்லாப் பாதையிலும் முதல் சக்கரம் அவருடையது. விழுந்த கிளையை இழுத்துப் போடுவார், கல்லை உதைத்துத் தள்ளுவார். கடைசியாகப் பெரிய இறக்கம். அதன் அடியில் ஒரு கம்பத்தில் தண்டவாளத் துண்டு தொங்கும். அதில் சுத்தியலால் மூன்று அடி அடிப்பார். மேலே எனக்குக் கேட்கும், கேட்டைத் திறப்பேன். ஆறு வருடமாக இதுதான் வழக்கம்.

ஒருநாள் ஹெல்மெட்டின் முன்விளிம்பு அறுந்துபோய் வந்தார். என் மேசைமேல் ஒரு சுருள் கம்பியைப் போட்டார்.

"ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டியிருக்கான் மச்சான். நான் குனிஞ்சு ஓட்டினதால தப்பிச்சேன். நிமிர்ந்து வர்ற புள்ளைங்களுக்கு இது சரியா கழுத்து."

யார் வேலை என்று எங்களுக்குத் தெரியும். வெட்டிய மரத்தைக் கீழே இழுக்க ஒரு லாரிக்காரன் வைத்திருந்த குறுக்குவழியைத்தான் பெரிய இறக்கமாக மாற்றியிருந்தார்கள். வன அலுவலகத்தில் சொன்னோம், எழுதிக்கொண்டார்கள். என் தங்கை அவரிடம் சொன்னது வேறு.

"அவன் கழுத்த பிடிக்காதீங்க. கம்பிய பிடிங்க. வண்டி ஓட்ட வர்றவன் வீட்லயும் ஒருத்தி காத்துக்கிட்டு இருப்பா."

தலையை ஆட்டினார். ஆட்டுவதில் அவருக்குக் குறை கிடையாது.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, கேட் முன்னால் சைக்கிளோடு நான்கு பேர் நின்றார்கள். அடி கேட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு மூன்றாவது. சத்தம் மந்தமாக இருந்தது. பனி ஈரத்தால் இருக்கும் என்று நினைத்தேன். கேட்டைத் திறந்துவிட்டேன்.

கீழே நடந்தது எனக்கு எப்படித் தெரியும்? மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவரே சொன்னார்.

அடிவாரத்துக்கு இரண்டு வளைவு மேலே வரும்போது, லாரிக்காரன் கம்பியின் கடைசி முறுக்கைப் போட்டுக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் ஓடினான். இவர் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு விரட்டினார். கம்பியை அறுக்க இடுப்பில் கட்டிங் பிளேயர் இருந்தது. அது நினைவுக்கே வரவில்லை. கம்பத்தடியில் பிடித்தார். அவன் ஸ்பேனரால் இவர் வாயில் போட்டான், இரண்டு பல் போனது. பிளேயரும் எங்கோ புதரில் தெறித்தது. இவர் அவன் தலைமுடியைப் பிடித்துத் தண்டவாளத் துண்டில் மோதினார். மறுபடி மோதினார். இன்னொரு தடவை. காது கிழிந்து தொங்கியது.

நான்காவதுக்கு இழுத்தபோதுதான் மேலே சக்கரச் சத்தம் கேட்டது. கேட்டை ஏன் திறந்தான் இந்த மடையன் என்று என்னைத் திட்டியிருக்கிறார். அப்புறம்தான் தன் கை செய்ததைப் பார்த்தார்.

அவனை விட்டுவிட்டு மேடேறி ஓடினார். ஒரு வளைவு, இரண்டாவது வளைவு. கம்பியை அவிழ்க்க நேரம் இல்லை. இரண்டு கையாலும் பிடித்து முழு உடம்போடும் தொங்கினார். கம்பி உள்ளங்கையை அறுத்துக்கொண்டு எலும்பில் நின்றது. முடிச்சுகள் மரத்தில் வழுக்கின. தரையோடு அழுத்தி அதன்மேல் படுத்தார். முதல் சக்கரம் வலது கை விரல்கள்மேல் ஏறி இறங்கியது. இரண்டாவது ஆள் அவர் முதுகுக்கு மேலே பறந்து புதரில் விழுந்தான்.

விழுந்தவன் எழுந்து வந்து கத்தினான். "நடு வழியில என்னய்யா படுத்துக் கிடக்குற? அறிவில்ல?"

இவர் வாயெல்லாம் ரத்தம். "இருந்திருந்தா முதல்லயே கம்பிய அறுத்துட்டு இறங்கியிருப்பேன் தம்பி" என்றாராம்.

நான்கு கழுத்தும் தப்பின. இவருக்கு இரண்டு விரல் போயிற்று. லாரிக்காரன் காதில் பதினேழு தையலோடு காவலில் இருக்கிறான். இவர்மேலும் வழக்கு உண்டு. வேலையை மட்டும் அலுவலகம் விட்டுவைத்தது.

கட்டிலருகே என் தங்கை அவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"நான் என்ன சொன்னேன்?"

"கம்பியத்தான் பிடிச்சேன்ல?"

"ரெண்டாவதா பிடிச்சீங்க."



இப்போது இடதுகையால் அடிக்கிறார். மூன்று இல்லை, ஒன்பது அடி. முதல்நாள் ஏன் இத்தனை என்று கேட்டேன்.

"ஒம்பது அடி வரைக்கும் நான் யாரையும் அடிச்சதில்ல மச்சான்" என்றார்.

நான் விரல் விட்டு எண்ணுகிறேன். எண்ணி முடித்த பிறகும், சாவியைப் போடுவதற்கு முன்பு, கொஞ்சநேரம் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன்.