சாவி ராஜபாளையம் போன சாயங்காலம்

போன வாரம் என் வீட்டுச் சாவியை நானே ஒரு பஸ்ஸுக்குள் தூக்கி எறிந்தேன். பஸ் போய்விட்டது. நான் கீழேயே நின்றேன்.

குடித்திருந்தேனா? இல்லை. வீட்டில் சண்டையா? அதுவும் இல்லை. மனைவிக்கு உட்கார இடம் பிடித்துக் கொடுக்கலாம் என்று ஒரு நல்ல எண்ணம்... எனக்கு நல்ல எண்ணம் வரும்போதெல்லாம் குடும்பத்தில் எல்லாரும் உஷாராகிவிடுவது வழக்கம். அன்றைக்கு யாரும் பக்கத்தில் இல்லை.

நம் பக்கம் சீட்டுப் பிடிக்கும் முறை உங்களுக்குத் தெரியாததா? படி வழியாக ஏறுகிறவன் அப்பாவி. ஜன்னல் வழியாகத் துண்டு போடுகிறவனுக்குத்தான் சீட்டு. துண்டு கிடந்தால் அது பட்டா வாங்கிய நிலம் மாதிரி. எவ்வளவு நெரிசலிலும் ஒருத்தரும் அதன்மேல் உட்கார மாட்டார்.

என் மனைவி சரோஜா, டி. கல்லுப்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தினமும் டி. கல்லுப்பட்டியிலும் திருமங்கலத்திலும் பஸ் மாறி, திருநகரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். நான் மதுரையில் ஆபீஸ். அவள் தெற்கே, நான் வடக்கே. அன்றைக்கு ஆபீஸ் வேலையாக நானும் திருமங்கலம் போயிருந்தேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. சேர்ந்து வீட்டுக்குப் போகலாமே என்று பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன்.

வந்தாள். முகமெல்லாம் புழுதி. என்னைப் பார்த்ததும், “என்ன, யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?” என்றாள். கூட்டிப் போக வந்தேன் என்றதும் சிரித்துவிட்டு, “பையைப் பிடிங்க, பிள்ளைகளுக்குப் பழம் வாங்கிட்டு வாரேன்” என்று போனாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் நுழைந்தது. போர்டில் மதுரை என்று இருந்தது. கூட்டம் பாய்ந்தது. என்னிடம் துண்டு கிடையாது. கைக்குட்டையைப் போட்டால் ஒரு சீட்டுதான் தேறும். ரெண்டு பேர் உட்கார வேண்டுமே, கொஞ்சம் அகலமாக ஏதாவது வேண்டாமா? அவள் பையைத் தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே போட்டேன். அழகாகப் போய் ரெண்டு பேர் சீட்டில் விழுந்தது.

பெருமையோடு திரும்பி அவளைத் தேடினேன். பஸ் கிளம்பிவிட்டது. அவள் பழத்தோடு வந்து நின்றாள்.

“பை எங்க?”

“சீட்டுல.”

“சீட்டு எங்க?”

“பஸ்ஸுல.”

“பஸ் எங்க?”

கையைக் காட்டினேன். அவள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாளோ, அதே பக்கம் பஸ் போய்க்கொண்டிருந்தது. மதுரையிலிருந்து ராஜபாளையம் போகிற வண்டி. போர்டில் ரெண்டு ஊரும் இருந்திருக்கிறது. நான் ஒரு ஊரோடு படிப்பை நிறுத்திக்கொண்டேன்.

(பதற வேண்டாம். கண்டக்டர் டி. கல்லுப்பட்டி டீக்கடையில் பையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். “இது நம்ம டீச்சர் பையாச்சே” என்று கடைக்காரரே எடுத்து வைத்து, மறுநாள் காலையில் கொடுத்தார்.)

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம்? பையில்தான் வீட்டுச் சாவி. எங்களிடம் இருப்பது ஒரே சாவி. முன்பு ரெண்டு இருந்தன. ஒன்று என் பொறுப்பில் இருந்தது... அதனால்தான் இப்போது ஒன்று.

பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ரெண்டு பேரும் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவார்கள். பரிமளா அக்கா வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். அம்மா வரும்வரை அங்கேதான் வீட்டுப்பாடம், பலகாரம், சண்டை எல்லாம். என் மகனுக்கு இப்போது ‘பசிக்கிறது’ என்பதை அவர்கள் மொழியிலும் சொல்லத் தெரியும். ஒரு மொழியை வைத்துக்கொண்டே அவன் பசியைத் தாங்க முடியவில்லை எங்களால்.

அன்றைக்கு அவர்கள் வீட்டோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். சரோஜா சீக்கிரம் வந்துவிடுவதாகச் சொல்லித்தான் பிள்ளைகளை விட்டுப் போயிருந்தாள். பை போன பஸ்ஸை விசாரித்து, கண்ட்ரோலரிடம் சொல்லி, கெஞ்சி, நாங்கள் திருநகர் வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது.

வாசல்படியில் பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில் என் மச்சான்.

சரோஜாவின் அண்ணன். திருமங்கலம் பக்கம் விவசாயம். தோட்டத்து மொச்சையைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர், தெருவிளக்கும் எரியாத இருட்டில் தங்கச்சி பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறார். மனிதர் கொதித்துப் போயிருந்தார்.

“வாங்க மாப்ள. ஆபீசரும் டீச்சரம்மாவும் சேந்து வாரீகளா? நல்லா இருக்கு. வயசுக்கு வரப்போற பிள்ள இருட்டுக்குள்ள வாசப்படியில உக்காந்திருக்கு. வீடா இது, சத்திரமா?”

நான் நடந்ததைச் சொன்னேன். வழக்கம்போல் கொஞ்சம் வேடிக்கையாகச் சொன்னேன். ஜன்னல், பை, ராஜபாளையம்... யாரும் சிரிக்கவில்லை.

“மாமா, தெனம் பரிமளா அத்தை வீட்டுலதான் இருப்போம். இன்னைக்குத்தான் அவுக கல்யாணத்துக்குப் போயிட்டாக” என்றாள் மகள்.

“நீ சும்மா இரு தாயி.” மச்சான் சரோஜா பக்கம் திரும்பினார். “இந்தா பாரு. ஒன்னைய டீச்சர் ட்ரெயினிங் படிக்க வச்சவன் நான். நான்தான் சொல்றேன், போதும். வேல வேண்டாம்னு நாளைக்கே எழுதிக் குடுத்துட்டு வா. முடியாதுன்னா பிள்ளைக ரெண்டையும் இப்பவே நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுல இருந்து படிக்கட்டும்.”

“அண்ணே, நான் சொல்றத...” என்று சரோஜா ஆரம்பித்தாள்.

“நீ பேசாத” என்றார் மச்சான்.

மகன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். எனக்குள் என்னவோ ஆயிற்று. மச்சானை எதிர்த்து நான் பேசியதே கிடையாது. அவர் முன்னால் என் தைரியமெல்லாம் மொச்சை நல்லா இருக்கு என்று சொல்வதோடு சரி.

“நீ இரு சரோஜா, நான் பேசுறேன்” என்றேன். “மச்சான், பையத் தூக்கி எறிஞ்சது யாரு?”

“நீங்கதான்.”

“போர்டப் படிக்காதது?”

“அதுவும் நீங்கதான். அதுல என்ன சந்தேகம்?”

“அந்த இன்னொரு சாவியத் தொலைச்சது?”

“அதுவுமா நீங்க?”

“நான்தான். அப்ப வேலைய விட வேண்டியது நான்ல? அவள எதுக்கு விடச் சொல்றீக?”

மச்சான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஆம்பள வேலைய விட்டுட்டு வீட்டுல உக்காந்து என்ன செய்வீக?”

“அவ உக்காந்து என்ன செய்யணும்னு நெனைக்கிறீகளோ, அதச் செய்வேன். இம்புட்டு நாளா கிழக்க வெளுக்குறதுக்கு முன்னாடி எந்திரிச்சு, அவளும்தான் மூணு பஸ் மாறிப் போயிட்டு வாரா. ஒரு நாள் ஒரு பொருளத் தொலைச்சிருக்காளா? தொலைச்சவன் நான். எனக்கு ஒரு தண்டனையும் இல்ல, அவளுக்கு வேல போகணும். எந்த ஊரு நியாயம் மச்சான் இது?”

“நான் என்ன சொல்றேன்னா...” என்று சரோஜா மறுபடியும் வாயைத் திறந்தாள்.

“நீ சும்மா இரு, நான் பாத்துக்கிறேன்” என்றேன். ஆவேசம் வந்துவிட்டால் என்னாலேயே என்னைப் பிடிக்க முடியாது. “பிள்ளைக எங்கயும் வராது. அவ வேலையையும் விடமாட்டா. வேணும்னா நீங்க இருந்து சாப்பிட்டுப் போங்க.”

தெருவில் ரெண்டு வீட்டுக் கதவு திறந்திருந்தது. திறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மச்சான் படியை விட்டு இறங்கினார். தெருவோரம் கிடந்த ஒரு கல்லை எடுத்தார். எனக்குத்தான் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அவர் கதவுப் பக்கம் போய்ப் பூட்டில் ஓங்கிப் போட்டார். திண்டுக்கல் பூட்டு. அசையவில்லை. என் மேல் இருந்த கோபமெல்லாம் சேர்த்து இன்னும் நாலு போட்டார். பூட்டு அப்படியே இருந்தது, கொண்டி கதவிலிருந்து பெயர்ந்து வந்துவிட்டது. உள்ளே வந்து காப்பி குடித்தார். சாப்பிட நிற்கவில்லை. போகும்போது மகள் தலையைத் தடவி, “கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்” என்றார். பிள்ளைகளைக் கூப்பிடவில்லை.

மச்சானிடம் சொல்ல விட்டுப்போனதை உங்களிடம் சொல்கிறேன். எங்கள் வீட்டுச் சாயங்காலம் எப்போது ஆரம்பிக்கும் என்பது சூரியன் கையில் இல்லை, டிரைவர் கையில் இருக்கிறது. பஸ் ஒழுங்காக வந்தால் சாம்பார். கப்பலூரில் டயர் பஞ்சர் என்றால் ரசம். அதற்கும் மேல் தாமதம் என்றால் மோரும் ஊறுகாயும். ஆனால் எப்போது ஆரம்பித்தாலும் நாலு பேரும் ஒரே அடுப்படியில்தான் கிடப்போம். நான் வெங்காயம் அரிவேன். அவள் பரீட்சைப் பேப்பர் திருத்துவாள். மகள் சத்தமாகப் பாடம் படிப்பாள். மகன் எல்லாருக்கும் இடைஞ்சல் செய்வான். ஆறு மணிக்கே எல்லாரும் வீட்டுக்கு வந்து, ஆளுக்கு ஒரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன். அந்த வீடுகளை யாரும் சத்திரம் என்று சொல்வதில்லை. ஏன்? அங்கே விளக்கு நேரத்துக்கு எரிகிறது, அவ்வளவுதானே?

இருட்டில் பிள்ளைகள் உட்கார்ந்தது தப்பு. ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மறுநாளே ரெண்டு சாவி வெட்டியாயிற்று. ஒன்று பரிமளா அக்காவிடம், ஒன்று மகளிடம். எனக்கு ஒன்று வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை, கொடுக்க யாரும் முன்வரவும் இல்லை. ஒரு சாவி வெட்டினால் தீருகிற விஷயத்துக்கு ஒருத்தி வேலையையே வெட்டச் சொல்கிறவர்களை என்ன சொல்ல? ‘பொம்பள சம்பாதிச்சு என்ன’ என்று எனக்கு அறிவுரை சொல்ல வருகிறவர்கள் யாராக இருந்தாலும் சரி, தாராளமாக வரலாம். மச்சானுக்குச் சொன்ன அதே பதிலை எங்கள் வீட்டு வாசலிலேயே வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு மச்சான் போனதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். சரோஜா படியால் அரிசி அளந்துகொண்டிருந்தாள். பாராட்டு வரும் என்று கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றேன். வரவில்லை. நானே எடுத்துக் கொடுத்தேன்.

“எப்படி? ஒங்கண்ணனுக்குச் சரியா குடுத்தேன்ல?”

அரிசிப் பாத்திரத்தை என் கையில் வைத்தாள்.

“அவரும் என்னையப் பேசாதன்னாரு, நீங்களும் சும்மா இருன்னீங்க. என் வேலைய விடமாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் இருக்கு. நீங்க அரிசியக் களைங்க.”