கோணியின் மேல் எழுதிய பட்டு

சேலத்தில் அந்தப் படச்சாலை ஒரு பழைய பங்களாவின் கூடத்தில் இருந்தது. தாம் சேர்த்த படங்களை ஊருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனவர் அதன் சொந்தக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் வரலாம்; கட்டணம் கிடையாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்குச் சேலத்துச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தேன். செய்தி எதுவும் கிடைக்காத ஒரு மழைக்கால வாரத்தில், இதைப் பற்றி அரைப் பத்தி எழுதலாம் என்று போனேன்.

யாரும் சொல்லாமலே எல்லோரும் செருப்பைப் படியில் விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். படங்கள் உயரத்தில் அடித்த ஆணிகளிலிருந்து கயிற்றில் தொங்கின. மேல்பக்கம் சுவரைவிட்டு விலகி, பார்ப்பவர்களை நோக்கிச் சற்றுக் குனிந்திருந்தன.

ஒரு படத்தின் முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து பூத்தொடுக்கும் ஒரு பெண்ணின் படம் அது. அரக்கு நிறப் பட்டுச் சேலை, அகலமான சரிகைக் கரை.

"ஏனுங்க, அரக்குச் சேலைப் படம் இது ஒன்னுதானுங்களா, வேற இருக்குதுங்களா?" என்று என்னிடம் கேட்டார்.

இது ஒன்றுதான் என்றேன். அவர் ராசிபுரத்து நெசவாளர். எதிர்ச்சுவர் ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தது அவர் மனைவி. சேலத்தில் ஒரு கல்யாண வீட்டார் இவரிடம் கூறைச்சேலை நெய்யச் சொல்லியிருந்தார்கள். கல்யாணப் பெண்ணின் தாயார் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இதே கரை வேண்டும் என்றாராம். இரண்டு முறை மாதிரி நெய்து காட்டியும் "இது இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"தையில கல்யாணமுங்க. மாதிரி புடிச்சாத்தான் பாவு ஓட்டித் தறியில ஏத்த முடியும். இந்தத் தடவையும் தப்பாப் போச்சுன்னா வேற தறிக்குப் போயிரும். எங்கப்பாரு காலத்துல இருந்து அந்த ஊட்டுக் கூறை எங்க தறியிலதானுங்க."

சொல்லிவிட்டு, துண்டின் முனையில் குத்தியிருந்த ஊசியை உருவினார். இழைகளை ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணுவது அவர்கள் வழக்கம். கரைக்கு அருகே ஊசியைக் கொண்டுபோனவர், எதை எண்ணுவது என்று தெரியாமல் கையை இறக்கினார். பிறகு, எந்தத் துணியை எடுத்தாலும் செய்யக்கூடியதையே இதற்கும் செய்தார். நெசவாளர் துணியின் மேல்பக்கத்தை நம்புவதில்லை. முடிச்சும் அறுந்த இழையும் மறைந்திருப்பது அடிப்பக்கத்தில். சட்டத்தின் கீழ் ஓரத்தை இரண்டு கையாலும் தம் பக்கம் இழுத்து, சுவருக்கும் படத்துக்கும் நடுவே தலையை நுழைத்தார்.

பித்தளை வில்லை போட்ட காவல்காரர் ஓடிவந்தார்.

"யோவ், யோவ்! என்னய்யா பண்றே? பொண்ணுக்கு முதுகைப் பார்த்துக் கட்டுற ஊரா உங்க ஊரு?"

"பொண்ணுக்கு மொகந்தானுங்க சாமி பாக்குறது. துணிக்குத்தான் முதுகு" என்று படத்தின் பின்னாலிருந்து குரல் வந்தது. தலையை வெளியே எடுத்தபோது நெற்றியில் ஒட்டடை. "இது துணிங்க. ஒத்தைக்கு ஒத்தை போட்ட முரட்டு நூலு. கோணிக்கு அண்ணன் மாதிரி இருக்குது. இது மேலயா அந்தப் பட்டு?"

காவல்காரர் அந்தப் படத்தைப் பல வருஷமாகத் துடைத்துவந்தவர். அவரும் குனிந்து அடியில் ஒரு முறை பார்த்துக்கொண்டார். அதற்குமேல் அதட்டவில்லை.

நான் கரையை ஓரடி தூரத்தில் நின்று பார்த்தேன். சரிகை என்று எதுவும் இல்லை. மஞ்சள் மண் நிறத்தில் நாலைந்து தீற்றல்கள். இருபுறமும் ஏறக்குறையக் கறுப்பாகிவிட்ட பச்சை. ஓரிடத்தில் மட்டும் குன்றிமணி அளவு வெள்ளை. எட்டடி பின்னால் வந்தேன். பொன் மின்னியது. பட்டின் கனம் தெரிந்தது. மடியில் அது மடிந்து விழும் இடத்தில் மொடமொடப்புகூடத் தெரிந்தது. எந்த அடியில் மண் பொன்னாகிறது என்று கண்டுபிடிக்க நாலு முறை முன்னும் பின்னும் நடந்தேன். ஒவ்வொரு முறையும் அது எனக்கு முன்பே மாறியிருந்தது. அப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. பேனாவை எடுக்கவே தோன்றவில்லை.

"ஏனுங்க, அங்கயே நின்னுட்டு என்னத்தப் பாக்குறீங்க? இங்க வாங்க" என்று எதிர்ச்சுவர் ஓரத்திலிருந்து கணவரைக் கூப்பிட்டார் நெசவாளரின் மனைவி.

அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரிகை எத்தன இழை இருக்கும் புள்ள?"

"சரிகை கொஞ்சந்தானுங்க. பக்கத்துல இருட்ட வெச்சிருக்காங்க. அதனால மின்னுது. நாம ரெண்டு தடவையும் சரிகையக் கொட்டிக் கொட்டி மொழுவி வெச்சோம்."

நெசவாளர் ஊசியைத் துண்டின் முனையில் திரும்பக் குத்திக்கொண்டார். பிறகு, "கரும்பச்ச ரெண்டு பக்கமும் ஓட்டோணும்" என்றார், யாரிடமும் சொல்லாததுபோல.

மூன்றாம் மாதிரியோடு அவர்கள் கல்யாண வீட்டுக்குப் போனபோது, படத்தை உடன் பார்த்தவன் என்று என்னையும் அழைத்துக்கொண்டார்கள். பெண்ணின் தாயார் துணியைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"என்னப்பா, சரிகையைக் குறைச்சுட்டே?"

நெசவாளர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி துணியை மெல்ல வாங்கிக்கொண்டு கூடத்தின் அந்தக் கோடிக்கு நடந்தார். திரும்பி நின்று, துணியைத் தன் தோளில் போட்டுக் காட்டினார். முற்றத்து வெளிச்சம் சாய்வாக விழுந்தது.

தாயார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இன்னும் ரெண்டடி தள்ளிப் போம்மா" என்றார். மனைவி போனார். தாயார் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பாவு ஓட்டச் சொல்லு."

நெசவாளர் அதைக் கவனிக்கவில்லை. தறியில் உட்கார்ந்தே காலம் கழித்தவர். தாம் நெய்ததை ஒரு முழத்துக்கு அப்பால் நின்று பார்ப்பது அவருக்கு அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வாய் சற்றுத் திறந்திருந்தது.

"ஏனுங்க, உங்களத்தான். பாவு ஓட்டச் சொல்றாங்க" என்றார் மனைவி, அங்கிருந்தே.